முப்பத்தைந்து வாரம் ஆறு நாள்

ஜனவரி 18

இன்று ஒரு பெண் என் மகனை நான்கு நிமிடத்தில் அளந்து முடித்துவிட்டாள்.

சேர்க்கை ஒருங்கிணைப்பாளராம். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் மாநில அளவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். எல்.கே.ஜி.க்கு நேர்காணல். மூன்று வயது ஒன்பது மாதப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து நேர்காணல். நாமக்கல்லில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வெளியே முப்பது பெற்றோர் வியர்த்துக்கொண்டு நின்றார்கள், நானும்தான்.

மாமா, அதாவது என் மாமனார், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். மூன்று வாரமாக யுகனைத் தயார் செய்தார். கேள்விகளை வரிசைப்படுத்தி: முதலில் உன் பெயர், பிறகு அப்பா பெயர், பிறகு ஊர், ஆப்பிள் நிறம், நாய் எப்படிக் குரைக்கும். யுகன் விடைகளைப் பாட்டுபோல வரிசையாகப் பிடித்துக்கொண்டான். கேள்விகளை அவன் கேட்கவே இல்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிக் காட்டி, "வாட் கலர்?" என்றாள்.

"யுகன்."

"எந்த ஊர் தங்கம் நீங்க?"

"பூபதி."

"அப்பா பேரு?"

"நாமக்கல்."

"டாகி எப்படிக் கத்தும்?"

"சிவப்பு."

பக்கத்தில் இருந்த இரண்டு ஆசிரியைகள் சிரித்தார்கள். யுகனும் சிரித்தான், எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று. அதற்குள் பள்ளி மணி அடித்தது. காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். இழுத்து வெளியே கொண்டுவந்து கிரேயானைக் கையில் கொடுத்தபோது கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடித்தான்.

"வீட்ல போன் நெறைய குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். பிறகு என்னை மட்டும் பார்த்து, "நீங்க வேலைக்குப் போறீங்களா மேடம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரைக் கேட்கவில்லை. அவர் வேலைக்குப் போவதால் எந்தப் பிள்ளையும் கெடுவதில்லை.

விண்ணப்பத்தில் பதினொன்றாவது கேள்வி, பிறப்பின்போது ஏதேனும் சிக்கல் இருந்ததா என்பது. என் கணவர் "இல்லை" என்று எழுதியிருந்தார். வண்டியில் வரும்போது கேட்டேன். "கொறமாசம்னு எழுதுனா சீட்டு குடுப்பானா கோகிலா?" என்றார்.

சிக்கல் இருந்தது. பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று தேதிக்கு நான்கு வாரம் முன்பே அறுவை செய்து எடுத்தார்கள். மூச்சுத் திணறி ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் இல்லை.

ஜனவரி 19

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். காலையில் உப்புமா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஜனவரி 24

"வருந்துகிறோம்" என்று குறுஞ்செய்தி வந்தது. மாமா கதர்ச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பள்ளிச் செயலர் அவருடைய பழைய மாணவராம். மத்தியானம் வெற்றியோடு திரும்பினார். பிப்ரவரி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு இன்னொரு நேர்காணல்.

"இந்தத் தடவ கேள்வியக் கலைச்சுப் போட்டு பழக்கிப்புடலாம்," என்றார். தவறு வரிசையில்தான் இருந்ததாம்.

சாயங்காலம் விளையாட்டுப் பள்ளியிலிருந்து யுகனைக் கூட்டிவரப் போனேன். ஜெனிபர் மிஸ் என்னைத் தனியாக நிறுத்தினாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மக்கெல்லாம் இல்ல இவன். கத சொன்னா அப்படியே வாயப் பொளந்துட்டுக் கேக்கறான். ஆனா ஷூவக் கழட்டு, பைய மாட்டு, வந்து உக்காருன்னு சொன்னா ஷூவக் கழட்டிட்டு அங்கயே நிக்கறான். மீதி ரெண்டும் காணாமப் போயிருது. பட்டன் போட வரல. கத்தரி புடிக்க வரல. ஓடுனா விழுந்துக்கறான். கொறமாசத்துல பொறந்தவனாக்கா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்கக்கா பையன் இப்படித்தான் இருந்தான். ஜி.எச். வளாகத்துல சின்னப் புள்ளைங்களுக்குன்னு ஒரு சென்டர் இருக்கு. சும்மா ஒருக்கா காட்டிட்டு வாங்களேன்."

"எங்க வீட்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. பாதி வழியில்தான் தெரிந்தது, யுகனின் ஒரு ஷூவை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 1

நான் வேலை பார்க்கும் மகளிர் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களைக் கணினியில் படிக்கலாம். யாரும் படிப்பதில்லை. மதிய உணவு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நாளாகப் படிக்கிறேன்.

முப்பத்து நான்கிலிருந்து முப்பத்தாறு வாரத்தில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லாரையும்போல வளர்கிறார்கள். சிலருக்குக் கவனம், பேச்சு, கைவிரல் வேலை, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது, இவையெல்லாம் பின்தங்குகின்றன. பள்ளி வாசலுக்கு வரும்போதுதான் அது வெளியே தெரிகிறது. நேர்மாதத்தில் பிறந்த பிள்ளையின் மூளை எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடைசி ஐந்து வாரங்களில் சேர்கிறதாம்.

அந்த வரியைப் படித்துவிட்டுத் தயிர்சாத டப்பாவை மூடி வைத்தேன்.

எல்லாக் கட்டுரையிலும் ஒரு பட்டியல் வருகிறது. அதில் "தாயின் கல்வி" என்று ஒரு வரி. தாய் படித்தவளாக இருந்தால் பிள்ளைக்கு நல்லதாம். நான் எம்.ஏ., நூலக அறிவியல் தனி. இந்த வீட்டுக்கு வந்தபோது மூன்று பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தேன். எழுதியவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

பிப்ரவரி 5

ஜெனிபர் சொன்ன மையத்துக்குப் போன் செய்தேன். பிப்ரவரி இருபது காலை பத்து மணி என்றார்கள். அதைவிட்டால் மார்ச் கடைசி. பிறந்தபோது கொடுத்த ஆஸ்பத்திரிக் கோப்பை முழுதாகக் கொண்டுவரச் சொன்னார்கள்.

இரண்டும் ஒரே நாள், ஒரே நேரம். சரி என்றேன். வீட்டில் சொல்லவில்லை.

கோப்பு மாமாவின் பீரோவில், யுகனின் ஜாதகத்தோடு இருக்கிறது. கேட்டேன்.

"அது எதுக்கு அம்மிணி இப்ப?"

"வேணும் மாமா."

"புள்ள நல்லாத்தான இருக்கறான். அவங்கப்பன் நாலு வயசு வரைக்கும் பேசவே இல்ல. இன்னைக்கு லாரி பாடி கட்டற பட்டறைல முப்பது பேர மேய்க்கலயா?"

"நான் பார்க்கணும்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"நெசமாவே வேணுமா உனக்கு?" என்றார்.

பிப்ரவரி 6

சிலிண்டர் வந்தது. யுகனுக்கு நகம் வெட்டினேன். ஒவ்வொரு விரலுக்கும் ஓர் அழுகை.

பிப்ரவரி 9

வேலையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் கோப்பு இருந்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாப் பக்கமும் படி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

படித்தேன்.

ஜனவரி 18 அன்று இந்த நோட்டில் நான் எழுதியது பொய். என் சொந்த நோட்டில், என்னைத் தவிர வேறு யாரும் திறக்காத நோட்டில், பொய் எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் குறையவில்லை. கடைசி ஸ்கேனில் சரியாக இருந்தது. குறித்த தேதி மே பதினொன்று. சித்திரை. பிள்ளை சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கும் குடும்பத்துக்கும் ஆகாது என்று மாமா பஞ்சாங்கத்தோடு வந்தார். பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கையில் ஒரு நேரம் குறித்தார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு அணுவும் மூலக்கூறும் நடத்தியவர். என் கணவர் எதுவும் பேசாமல் பக்கத்தில் நின்றார். டாக்டர் அம்மா மூன்று பேரிடமும் தெளிவாகச் சொன்னார். "நுரையீரல் பக்குவமாயிருக்காது. பின்னாடி வேற தொந்தரவும் வரலாம். வலி வரட்டும், காத்திருங்க." முடியாது என்று மாமாவை அனுப்பிவிட்டார்.

இதுவரை எழுதுவது எளிது. மாமாவைத் திட்டிக்கொண்டே எழுத முடிகிறது. இவரையும் திட்ட முடிகிறது.

கோப்பின் ஆறாவது பக்கத்தில் டாக்டர் அம்மாவின் கையெழுத்தில் நான்கு வரி. அடுத்த நாள் நோயாளி தனியாக வந்து அறுவை சிகிச்சைக்கு வேண்டினார். ஆபத்துகள் மீண்டும் விளக்கப்பட்டன. அழுதார். புரிந்துகொண்டு சம்மதித்தார். முப்பத்தைந்து வாரம் ஆறு நாள்.

கீழே என் கையெழுத்து. நூலகப் பதிவேட்டில் போடுவதுபோலவே சுத்தமாக, புள்ளி வைத்து.

அதற்குக் கீழே, ஆறாம் மாதம், ஒரு வயது, இரண்டு வயதில் வளர்ச்சிப் பரிசோதனைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்.

பிப்ரவரி 10

எதையும் எழுதப் பிடிக்கவில்லை. இந்தப் பேனா எழுதும் சத்தம்கூடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15

தம்பி சபரி ஓசூரிலிருந்து வந்திருந்தான். யுகனுக்கு ஒரு பெரிய பஸ் பொம்மை. வாசலிலேயே ஆரம்பித்தான். "என்னக்கா, மூஞ்சி கரண்ட் போன ஊராட்ட இருக்குது?"

மாமா பூங்காவுக்கு நடக்கப் போயிருந்தார், இவர் பட்டறையில். தோசை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னதால் சொல்ல முடிந்தது.

சபரி சித்திரையில் பிறந்தவன். அவனுக்கு எட்டு மாதம் ஆனபோது அப்பா லாரி மோதி இறந்தார். எனக்கு ஐந்து வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் பாடையைப் பார்த்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தார்கள். அப்பனை முழுங்கினவன் என்று அவன் காதுபடச் சொல்லித்தான் அவனை வளர்த்தார்கள். கல்யாண வீடுகளில் முகூர்த்த நேரத்தில் அவனைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். சொன்ன ஒவ்வொருவரோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன். பெரியம்மா ஒருத்தியின் கையைக் கடித்திருக்கிறேன்.

"அப்ப யுகன் என்னாட்ட ஆயிருவான்னு பயந்துட்டியா?" என்றான்.

"அப்படி இல்லடா. உன்னைச் சொன்னாப்பல அவனையும் சொல்லிருவாங்கன்னுதான். அந்த வார்த்தை அவன் மேல விழுந்தறக் கூடாதுன்னு..."

"சொன்னாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்? சொன்னவங்க வீட்டு விசேஷத்துலதான் இப்ப பந்தி பரிமாறிட்டு இருக்கறேன்." சட்னியைத் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டான். "அது சரி. வார்த்தைக்கு மட்டுந்தான் பயந்தியா? மச்சானுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு ஒரு நிமிசங்கூட நெனைக்கல?"

நான் தோசையைத் திருப்பினேன். கருகியிருந்தது.

"ஊரே நம்புனப்ப நீ ஒருத்திதான் நம்பலன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா," என்றான்.

கோபித்துக்கொண்டு போயிருந்தால் பரவாயில்லை. இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். யுகனைத் தோளில் தூக்கித் தெருமுனை வரை ஓடினான். போகும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 20

காலையில் மாமா முன்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டார், செயலரைப் பார்க்க. நாங்கள் மூவரும் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். யுகன் முன்னால் நின்றுகொண்டு, "சிவப்பு, நாமக்கல், பூபதி," என்று ஒப்பித்துக்கொண்டே வந்தான்.

"பள்ளிக்கூடம் வேண்டாம்ங்க. ஜி.எச்.க்குத் திருப்புங்க," என்றேன்.

"என்ன பேசற நீ? அப்பா அங்க நிக்கறாரு."

"நிக்கட்டும். திருப்பலைன்னா சிக்னல்ல இறங்கிருவேன்."

"எல்லாரு முன்னாடியும் மானத்த வாங்கற."

"அவன் என்ன சொல்லிட்டு வர்றான்னு காது குடுத்துக் கேளுங்க."

சிக்னல் பச்சைக்கு மாறியும் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிறகு திருப்பினார்.

மையத்தில் டாக்டர் ஒரு மணி நேரம் யுகனோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். கட்டைகளை அடுக்கவைத்தார், ஒற்றைக் காலில் நிற்கவைத்தார், படம் காட்டிக் கதை கேட்டார். நான்கு நிமிடத்தில் முடிக்கவில்லை. பிறகு படிவத்தை எடுத்தார்.

"எத்தன வாரத்துல பொறந்தான்?"

"முப்பத்தஞ்சு வாரம் ஆறு நாள்."

"ஏன் முன்னாடியே எடுத்தாங்க?"

"தண்ணி கம்மியாயிருச்சுன்னு..." என்று இவர் ஆரம்பித்தார். எங்கள் உறவில் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய வாக்கியம்.

"இல்ல டாக்டர். தண்ணி சரியாத்தான் இருந்துச்சு. சித்திரைல பொறக்கக் கூடாதுன்னு எடுத்தோம். டாக்டர் வேணாம்னாங்க. நான்தான் அடுத்த நாள் தனியாப் போய்க் கெஞ்சினேன்."

இவர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். "அதனாலதான் இப்படின்னு என்னால சொல்ல முடியாது. அதே வாரத்துல பொறந்து நல்லா இருக்கற பிள்ளைங்க ஏகப்பட்ட பேரு. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது." பேனாவை நிறுத்தினார். "ஆனா இதக் கேப்பேன். ஆறு மாசம், ஒரு வயசு, ரெண்டு வயசுல வரச்சொல்லி அடிக்கோடு போட்டிருக்காங்க. ஏன் வரல? அப்பவே வந்திருந்தா இந்நேரம் பாதி வேல முடிஞ்சிருக்கும்."

போயிருந்தால் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ஏன் முன்னாடியே எடுத்தீர்கள் என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் போகவில்லை. நான்கு வாரத்துக்குத்தான் நான் பொறுப்பு என்று இத்தனை நாள் என்னை அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்கால் வருடத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்த டாக்டர் கேட்டார்.

"பயந்துட்டேன்," என்றேன்.

"சரி. இனிமே வாங்க," என்றார். வாரம் இரண்டு நாள் பயிற்சி. எல்.கே.ஜி.யை ஒரு வருடம் தள்ளிப் போடலாம், அதுவரை விளையாட்டுப் பள்ளியே போதும். புத்தியில் குறை எதுவும் இல்லை, ஓரிடத்தில் நின்று கேட்கவும் கையால் செய்யவும் நேரம் வேண்டும் என்றார். கேள்வி பதில் மனப்பாடத்தை இன்றே நிறுத்தச் சொன்னார்.

வண்டி நிறுத்தத்தில் இவர் சாவியைப் போடாமல் நின்றார்.

"நீயாப் போய்க் கேட்டியா?"

"ஆமா."

"நான் இத்தன வருசமா எங்கப்பனத்தான் மனசுக்குள்ள வைஞ்சிட்டிருந்தேன். ஒரு வார்த்த சொல்லலியே கோகிலா நீ."

"நீங்களும்தான் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல. வேணாம்ப்பான்னு ஒரே ஒரு வார்த்தை."

சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

பிப்ரவரி 21

மாமா நேற்று பள்ளி வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். செயலர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். இன்று காலை இட்லித் தட்டை வைத்ததும் வெடித்தார்.

"எங்கிட்டப் படிச்ச பையன் முன்னாடி என்னைத் தலகுனிய வச்சிட்டீங்க."

"தப்புதான். சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"ஒரு வருசம் போச்சு அம்மிணி. ஒரு முழு வருசம். அவன் வயசுப் புள்ளைக எல்லாம் யு.கே.ஜி. போறப்ப இவன் அ, ஆ போட்டுட்டு இருப்பான்."

"நாலு வாரத்தை நாம எடுத்துக்கிட்டோம் மாமா. ஒரு வருசத்தை அவன் எடுத்துக்கட்டும்."

"நானா எடுத்தேன்?" குரல் உடைந்துவிட்டது. "டாக்டரம்மா முடியாதுன்னதும் நான் பஞ்சாங்கத்த மடிச்சு வெச்சிட்டேன். தெரியுமில்ல உனக்கு? அடுத்த நாள் அந்தம்மா போன் பண்ணி, உங்க மருமகளே கேக்குதுன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இத்தன வருசமா பூபதி என்னத்தான் மொறச்சிட்டுத் திரியறான். ஒரு நாள் வாயத் தொறந்திருப்பனா?"

திறக்கவில்லைதான். அது எனக்கு நன்றியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அவர் வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்திருக்காது. யுகனை முதல் வருடமே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். பெருந்தன்மை என்று ஆளாளுக்கு மூடி வைத்ததற்கு அந்தப் பிள்ளை பட்டன் போடத் தெரியாமல் நிற்கிறான்.

"முதல்ல பஞ்சாங்கத்தைத் தூக்கிட்டு வந்தது யாரு மாமா?" என்றேன்.

நான்கு இட்லியில் இரண்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 27

ஜெனிபர் மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா," என்றாள். விடத்தான் முடியவில்லை.

மார்ச் 6

நான்காவது பயிற்சி. சொல்லிக்கொடுப்பவர் பெயர் ரெஹானா. இன்று நீளமான துணிக் குழாய் ஒன்றைத் தரையில் விரித்தார். ஒரு பக்கம் நுழைந்து தவழ்ந்து மறு பக்கம் வர வேண்டும். கை, கால், தோள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யப் பழகுமாம். என்னை மறுமுனையில் உட்காரச் சொன்னார்.

யுகனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எலிபோலப் பாய்ந்து வந்துவிட்டார்கள். இவன் நுழைந்தான். பாதியில் நின்றுவிட்டான். துணிக்குள் ஒரு மேடு மட்டும் தெரிந்தது. மேடு அசையவில்லை.

"அம்மா," என்றான் உள்ளிருந்து. அழுகை இல்லை. நான் இருக்கிறேனா என்று கேட்கிறான்.

"இங்கதான் இருக்கேன் சாமி."

குனிந்து பார்த்தால் அவன் விரல்கள் தெரிந்தன. கையை விட்டு இழுத்தால் வந்துவிடுவான். ஒரு நொடி வேலை. நீட்டியேவிட்டேன்.

"இழுக்காதீங்கம்மா," என்றார் ரெஹானா.

"பயப்படறான்."

"தெரியுது. வருவான். இருங்க."

"எவ்வளவு நேரம்?"

அவர் அடுத்த பிள்ளைக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல், அந்தக் குழாய்மேல், முன்னால் பாய்ந்து வந்த இரண்டு பிள்ளைகள்மேல், சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மேடு கொஞ்சம் அசைந்தது. நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை.